எழுத்து ஆடவில்லை, மிஸ்

எட்டு மதிப்பெண் கேள்வி அது. கீலி மார்ஃப்ளீட்டுக்கு நான் இரண்டு போட்டேன். போடும்போது கை கொஞ்சமும் தயங்கவில்லை. இங்கிலாந்தில் ஹல் நகரத்தின் கிழக்குப் பக்கத்துப் பள்ளியில் பல வருடங்களாக ஆங்கிலம் நடத்துகிறவள் நான். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இறுதித் தேர்வில் மதிப்பெண் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பது எனக்கு அத்துப்படி. உத்தியின் பெயரைச் சொல், மேற்கோள் காட்டு, வாசிப்பவர் மனதில் அது என்ன செய்கிறது என்று சொல். என் வகுப்பில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பார்கள்.

கேள்வி இதுதான்: 'டிஸ்லெக்சியாவோடு வளர்ந்ததை விவரிக்க எழுத்தாளர் மொழி உத்திகளை எப்படிப் பயன்படுத்துகிறார்?'

பயிற்சிப் புத்தகத்தில் அதற்கு மேலே ஒரு பத்தி கொடுத்திருந்தார்கள். டெஸ்மண்ட் கேவுட் எழுதிய தன் வரலாற்றிலிருந்து எடுத்தது. ஹல்லில் அவர் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் கிழக்குக்கு என்றைக்கும் ஆகாத மேற்குப் பக்கத்து ரக்பி அணியின் ஆட்டங்களுக்கு உள்ளூர் வானொலியில் வர்ணனை சொல்பவர். சின்ன வயதில் டிஸ்லெக்சியாவால் வாசிக்க வராமல் பள்ளியில் பட்ட பாட்டைப் புத்தகமாகப் போட்டிருந்தார். எழுதினார் என்றால் கையால் எழுதவில்லை. கைபேசியில் பேசப் பேச, அவருடைய தங்கை மகள் தட்டச்சு செய்து கொடுத்தாள்.

'என் புத்தகத்தில் எழுத்துகள் நடனமாடின. பக்கம் முழுவதும் ஒரு கொந்தளிக்கும் கடல். நான் அதில் துடுப்பில்லாத படகு' என்று போகும் அந்தப் பத்தி. உவமை, உருவகம், மோனை எல்லாம் கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொங்கும். பிள்ளைகள் பறித்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மற்ற எல்லோரும் பறித்தார்கள். 'எழுத்துகளுக்கு மனிதச் செயலை ஏற்றிச் சொல்வதால் வாசகர் பரிதாபப்படுகிறார்' என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் பரிதாபப்பட்டது.

கீலி எழுதியதை அப்படியே தருகிறேன். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திவிட்டேன். 'எழுத்து' என்ற சொல்லே மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது.

'எழுத்துகள் நடனமாடின என்று எழுத்தாளர் சொல்கிறார். எனக்கும் டிஸ்லெக்சியா இருக்கிறது. எழுத்துகள் ஆடவில்லை. சும்மா நிற்கின்றன. ஆடினாலாவது பார்க்க நன்றாக இருக்கும். ஆகையால் இது மோசமான உத்தி.'

திங்கட்கிழமை விடைத்தாளைக் கொடுத்ததும் அவள் நேராக என் மேசைக்கு வந்தாள். உயரமான பெண். தலைமுடியை உச்சியில் ஒரு கொண்டையாக அள்ளி முடிந்திருப்பாள். வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். பேசினால் விட மாட்டாள்.

"மிஸ், ரெண்டு மார்க்குதானா?"

"அவர் சொன்னது நெசமா இல்லையான்னு கேள்வி கேக்கல கீலி. எப்படிச் சொல்றாருன்னுதான் கேக்குது."

"அப்ப பொய்யா இருந்தாலும் பரவால்லையா?"

"பொய்னு நான் சொல்லல."

"எனக்குத் தெரியும்ல மிஸ். உங்களுக்கு டிஸ்லெக்சியா இருக்கா?"

"இல்ல."

"கேள்வி போட்டவங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப இந்த ரூம்ல எனக்குத்தான் தெரியும். எனக்கு ரெண்டு மார்க்கு."

பின்னால் உட்கார்ந்திருந்த கைரன், "மிஸ், எனக்கு ஆறு. எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றான். வகுப்பு சிரித்தது. கீலியும் சிரித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். நானும் அத்தோடு மறந்துவிட்டேன்.

அவள் மறக்கவில்லை.

சனிக்கிழமை மாலை ஹோல்டர்னஸ் ரோட்டில் சிப்ஸ் கடை வரிசையில் நின்றிருந்தேன். கடைக்காரர் பில், கல்லாவுக்குப் பின்னால் வானொலியை ஓடவிட்டிருப்பார். கிழக்குப் பக்கத்து ஆள் என்பதால், மேற்கு அணி தோற்கும் நாட்களில் சத்தத்தைக் கூட்டி வைப்பார். அன்று நன்றாகக் கூட்டி வைத்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் நேயர்கள் அனுப்பும் குரல் பதிவுகளைப் போட்டு, டெஸ்மண்ட் பதில் சொல்வார். நடுவரைத் திட்டி இரண்டு பேர், பயிற்சியாளரைத் திட்டி ஒருவர். அதற்குப் பிறகு எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரல்.

"ஹலோ, என் பேரு கீலி. நான் ரக்பி பத்திப் பேச வரல. நீங்க இன்னைக்குத் தோத்தது ரொம்ப சந்தோஷம், அது வேற விஷயம். உங்க புத்தகத்துல எழுத்தெல்லாம் ஆடுச்சுன்னு எழுதிருக்கீங்க. எனக்கும் டிஸ்லெக்சியாதான். என் எழுத்து ஆடல. அத அப்படியே எழுதினேன், ஸ்டேதர்ஸ் மிஸ் எட்டுக்கு ரெண்டு போட்டுட்டாங்க. உங்களுக்கு நெசமாவே ஆடுச்சா, இல்ல கேக்க நல்லாருக்குன்னு போட்டீங்களா? தேங்க்ஸ்."

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் கழுத்துத் துண்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக் கொண்டேன். வானொலியில் டெஸ்மண்ட் 'அது வந்து' என்று இழுத்தார், மறுபடியும் இழுத்தார். வாயை மூடினால் சம்பளம் கிடைக்காத மனிதர் அவர். பிறகு சொன்னார்:

"கீலி, இத இதுவரைக்கும் யாருமே என்கிட்ட கேட்டதில்லம்மா. இதுக்கு இங்க ஒரு நிமிஷத்துல பதில் சொல்ல முடியாது. உங்க மிஸ் சரின்னா வகுப்புக்கே வந்துடுறேன். ஸ்டேதர்ஸ் மிஸ், கேட்டுட்டிருக்கீங்களா?"

பில் என் சிப்ஸ் மேல் சிவப்பு மசாலாத் தூளைத் தூவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்டேதர்ஸ் மிஸ் நீங்கதான கண்ணு?"

"ஆமா."

"ரெண்டுதானா? பாவம் கண்ணு அந்தப் புள்ள."

தலைமையாசிரியருக்கு ஒரே குஷி. பள்ளியின் பெயர் வானொலியில் வந்ததே என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். என் பெயர்தான் வந்தது, பள்ளியின் பெயர் வரவில்லை என்று நான் திருத்தவில்லை. அடுத்த வியாழக்கிழமையே டெஸ்மண்ட் கேவுட் வந்துவிட்டார்.

குரலை வைத்து நான் மனதில் வரைந்திருந்ததைவிடப் பெரிய உருவம். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். மேற்கு அணியின் கறுப்பும் வெள்ளையும் கலந்த துண்டைக் கழுத்தில் சுற்றி வேண்டுமென்றே வந்திருந்தார். பிள்ளைகள் ஊளையிட்டார்கள். அவர் கைகளை விரித்துத் தலைகுனிந்து அதை வாங்கிக்கொண்டார்.

"உங்க பக்கம் வர்றதுக்கு ஆத்துப் பாலத்தத் தாண்டும்போதே திரும்பிடலாமான்னு தோணுச்சு. சரி, யாரு கீலி?"

கீலி கையைத் தூக்கினாள். முகம் கழுத்து வரை சிவந்திருந்தது. கைபேசியில் பேசுவது வேறு, ஆளே வந்து எதிரில் நிற்பது வேறு.

"கேள்விய மறுபடி கேளு."

"எழுத்து நெசமாவே ஆடுச்சா?"

"ஆடுச்சுன்னுதான் ஞாபகம்."

"உங்க ஞாபகமா? இல்ல, எல்லாரும் சொல்றதா?"

அவர் தாடையைச் சொறிந்தார்.

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்கும்மா. டிஸ்லெக்சியான்னா எழுத்து ஆடும்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் பேட்டிக்குப் பேட்டி சொல்லிட்டே வந்துருக்கேன். சொல்லிச் சொல்லி எது நடந்தது, எது நான் சொன்னதுன்னு பிரிக்க முடியல."

"அப்ப இப்ப வாசிச்சுப் பாருங்க. ஆடுதான்னு பாத்துடலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வகுப்பில் யாரையும் வற்புறுத்தி உரக்க வாசிக்க வைப்பதில்லை என்பது நானே வைத்த சட்டம். கீலிக்காகவே வைத்த சட்டம் என்றுகூடச் சொல்லலாம். "கீலி, அவர் நம்ம விருந்தாளி" என்று ஆரம்பித்தேன். டெஸ்மண்ட் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போயிருந்தது.

"பள்ளிக்கூடத்த விட்டதுக்கப்புறம் நாலு பேர் முன்னாடி நான் எதையும் வாசிச்சதில்ல. புத்தக வெளியீட்டுக்குக்கூட தங்கச்சி பொண்ணுதான் வாசிச்சா. எனக்குத் தொண்ட கட்டிருச்சுன்னு சொல்லிட்டோம்."

"சும்மா கேட்டேன் சார். வேணாம்" என்றாள் கீலி.

"இல்ல, கேட்டது நியாயம். ஒண்ணு பண்ணலாம். நான் வாசிக்கிறேன். நீ வர்ணனை சொல்லு."

"என்ன வர்ணனை?"

"நான் ஆட்டத்துக்குச் சொல்றேன்ல, அந்த மாதிரி. நான் பந்த எடுத்துட்டு ஓடுறேன். எங்க விழறேன், யாரு மேல விழறாங்க, எல்லாம் சொல்லு. தனியா வாசிக்கத்தான் எனக்குப் பயம். சத்தத்துக்கு நடுவுலன்னா பழக்கம்."

கீலி என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். சட்டம் வைத்தவளுக்கே அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

டெஸ்மண்ட் முன்வரிசையில் ஒரு மாணவனை எழுப்பிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மேசைக்கு அடியில் முட்டிக்கொண்டன. பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து வைத்து விரலை முதல் வரியில் ஊன்றினார். கீலி பக்கத்தில் வந்து நின்று, அளவுகோல் ஒன்றை ஒலிவாங்கி மாதிரி வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

"என்... புத்தகத்தில்..."

"கேவுட் பந்த எடுத்துட்டாரு" என்றாள் கீலி மெதுவாக.

"சத்தமா" என்றான் கைரன்.

"கேவுட் பந்த எடுத்துட்டாரு. ரெண்டு வார்த்தயத் தாண்டிட்டாரு. முன்னாடி கூட்டம் இல்ல. நிதானமாத்தான் போறாரு."

"எழுத்துகள்... நட... நடமா..."

"ஐயோ, சறுக்கிட்டாரு. பந்து கைய விட்டுப் போகுது. இல்ல, பிடிச்சுட்டாரு, பிடிச்சுட்டாரு."

"நடனமாடின."

பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கீலிக்கும் குரல் ஏறியது. எங்கிருந்து அவளுக்கு இத்தனை பேச்சு வந்தது என்று எனக்கு ஆச்சரியம்.

"இப்ப ரெண்டாவது வரி. மேற்குப் பக்கத்து ஆளு, மூச்சு வாங்குது, தொப்பை வேற இடிக்குது. அடுத்து நிக்கறது யாரு? பெரிய ஆளு. 'கொந்தளிக்கும்'. எடை நூறு கிலோ. நேரா மோதப் போறாரு."

"கொ... கொத்... கொதிக்..."

"மோதிட்டாரு, விழுந்துட்டாரு. மேல மூணு எழுத்து ஏறி உக்காந்துருச்சு."

"கொந்... தளி... கொந்தளிக்கும்."

"எழுந்துட்டாரு. எப்படி எழுந்தாருன்னு தெரியல, ஆனா எழுந்துட்டாரு. 'கடல்' சின்னப் பையன், அவனத் தள்ளிவிட்டு..."

அங்கே கீலி நின்றுவிட்டாள். அளவுகோலைக் கீழே இறக்கினாள். மேசையைக் குனிந்து பார்த்தாள்.

"மிஸ், இங்க வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். டெஸ்மண்டின் வலது முழங்கால் தையல் இயந்திரத்தின் ஊசி மாதிரி மேலும் கீழும் அடித்துக்கொண்டிருந்தது. அது மேசையின் அடிப்பலகையில் இடித்தது. மேசை ஆடியது. மேசை மேல் இருந்த புத்தகம் ஆடியது. புத்தகத்தில் இருந்த வரிகள் கண்ணால் பிடிக்க முடியாதபடி குதித்துக்கொண்டிருந்தன.

"எழுத்து ஆடுது சார்" என்றாள் கீலி. "நெசமாவே ஆடுது. நீங்கதான் ஆட்டுறீங்க."

அவர் கீழே குனிந்து தன் காலையே யாருடையதோ மாதிரி பார்த்தார். உள்ளங்கையால் முழங்காலை அழுத்திப் பிடித்தார். மேசை நின்றது. புத்தகத்தைப் பார்த்தார். எழுத்துகள் சும்மா நின்றன.

"அட" என்றார்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பின் நடுவிலேயே கண் கலங்கியது. மேற்கு அணியின் துண்டால் துடைத்துக்கொண்டார். பிள்ளைகள் யாரும் கேலி செய்யவில்லை.

"சின்ன வகுப்புல வரிசையா ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கணும். என் முறை வர்றதுக்கு இன்னும் எத்தன பேருன்னு எண்ணிட்டே இருப்பேன். கிட்ட வர வர பென்சில் டப்பா கடகடன்னு சத்தம் போடும். பக்கத்துல ஒருத்தன், பேரு மறந்துருச்சு, டப்பாவ நிறுத்துடான்னு திட்டுவான். டப்பாதான் ஆடுதுன்னு நானும் நெனச்சிட்டிருந்தேன்."

"இத ஏன் புத்தகத்துல எழுதல?" என்று கேட்டாள் கீலி.

"கால் நடுங்குச்சுன்னு சொல்ல வெக்கமா இருந்துருக்கும். எழுத்து ஆடுச்சுன்னா அழகா இருக்கு. பழியும் எழுத்து மேல போயிடுது பாரு."

"அப்ப நீங்க பொய் சொல்லல."

"நீயும் தப்பா எழுதல."

"எனக்குக் கால் நடுங்காது" என்றாள் கீலி. யாரும் கேட்காமலே அவள் மேலே சொன்னாள். "எனக்கு எப்படின்னா, சூப்பர் மார்க்கெட்ல ஒருத்தர் எதுக்க வருவாங்கல்ல, நல்லாத் தெரிஞ்ச முகமா இருக்கும், பேரு மட்டும் வராது. அவங்க சிரிச்சுட்டே பக்கத்துல வந்துட்டே இருப்பாங்க. நானும் சிரிச்சுட்டே இருப்பேன். உள்ளுக்குள்ள யாருடா இதுன்னு ஓடிட்டே இருக்கும். அந்த மாதிரி. ஒவ்வொரு சொல்லும் அப்படி. ஒரு பக்கம் வாசிச்சா ஊர்ல உள்ள எல்லாரையும் பாத்து சிரிச்ச மாதிரி களைப்பா இருக்கும்."

டெஸ்மண்ட் பையிலிருந்து கைபேசியை எடுத்தார்.

"இத நான் எடுத்துக்கட்டுமா? உன் பேரச் சொல்லித்தான் சொல்லுவேன்."

"எடுத்துக்கோங்க. ஆனா ஆடுச்சுன்னு மாத்திடாதீங்க."

அவர் மிச்சப் பத்தியையும் வாசித்துத்தான் விட்டார். ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலை வரியில் ஓட்டிக்கொண்டு. கீலி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களுக்குச் சொல்வதைப் போல உச்சக் குரலில் வர்ணித்தாள். 'துடுப்பில்லாத' என்ற சொல்லில் மூன்று முறை விழுந்து எழுந்தார். கடைசிச் சொல்லை முடித்ததும் அவள் "கோட்டத் தாண்டிட்டாரு, பந்தத் தரையில ஊனிட்டாரு, பாயின்ட்" என்று கத்த, கிழக்குப் பக்கத்துப் பிள்ளைகள் மொத்தமும் எழுந்து நின்று மேற்குப் பக்கத்து ஆளுக்குக் கைதட்டினார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை என்ன கலவரம் என்று கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அவர் கிளம்பும்போது கீலி காரியத்துக்கு வந்தாள்.

"இப்ப எத்தன மார்க் மிஸ்?"

அந்த விடைத்தாளை நான் முந்தைய நாளே அவளிடம் வாங்கி மறுபடி வாசித்திருந்தேன். 'ஆடினாலாவது பார்க்க நன்றாக இருக்கும்' என்ற வரியில் அந்த உருவகம் அழகுக்காக மட்டும் வந்தது என்ற விமர்சனம் இருக்கத்தான் செய்கிறது. முதல் தடவை அது என் கண்ணில் படவில்லை. ஆனால் மேற்கோள் ஒன்றே ஒன்றுதான். கடலையும் படகையும் அவள் தொடவே இல்லை.

"மூணு."

"மூணா?"

"அவர் கால் நடுங்கினத நீ எழுதினாலும் பரீட்சையில மார்க் கிடையாது கீலி. அது அந்தப் பத்தியில இல்ல."

"அநியாயம் மிஸ்."

"நடுவர் முடிவ எதுத்து நான் முப்பது வருஷமா கத்திட்டிருக்கேன்மா" என்றார் டெஸ்மண்ட், வாசலில் நின்றபடி. "ஒரு தடவகூட மாத்தினதில்ல. மூண வாங்கிக்கோ."

அதற்கடுத்த மாதம் பெற்றோர் சந்திப்பு. கீலியின் அப்பா நெவ், கேரவன் என்னும் வீட்டு வண்டிகள் செய்யும் தொழிற்சாலையிலிருந்து வேலை உடுப்போடு நேராக வந்திருந்தார். சட்டையெல்லாம் மரத்தூள். என் எதிரில் உட்கார்ந்ததும் முதல் புகாரே அவருடையதுதான்.

"மிஸ், இவளுக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க? நான் சோறு திங்கிறதுக்கு வர்ணனை சொல்றா. மாடி ஏறுனா வர்ணனை. நேத்து தனித்தனிப் பலகையா ஒரு அலமாரி வாங்கிட்டு வந்து மாட்டிட்டிருந்தேன், பக்கத்துல நின்னு ஒரு மணி நேரம் ஓயல."

"படத்த மட்டும் பாத்து மாட்டினாரு மிஸ். குறிப்பு எழுதிருந்த பக்கத்தத் திருப்பவே இல்ல" என்றாள் கீலி.

நெவ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன மிஸ். எனக்கும் அதே கோளாறுதான். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. வீட்ல யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதா?" என்றாள் கீலி. "அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். போன வருஷம் நாய்க்குட்டி காணோம்னு எழுதி ஒட்டினியே, அதப் பாத்து தெருவுக்கே தெரியும்ப்பா."

நெவ் மரத்தூள் உதிர உதிரச் சிரித்தார். நாய்க்குட்டி கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்ததாம். அறிவிப்பை வாசிக்க முடியாமல் என்னவென்று கேட்க வந்த ஒருவர்தான் கொண்டுவந்து கொடுத்தாராம்.

கோடையில் தேர்வு முடிவு வந்த அன்று பள்ளி முற்றத்தில் ஒரே கூட்டம். ஆங்கிலத்தில் கீலி தேறிவிட்டாள். பெரிய மதிப்பெண் என்று சொல்ல முடியாது. ஆனால் கல்லூரியில் அவள் கேட்ட ஒலிப்பதிவுப் படிப்புக்கு அது போதும். உறையை அவளே பிரித்து அவளே வாசித்தாள். கைரன் பிடுங்கப் பார்த்தபோது முழங்கையால் ஒரு இடி கொடுத்தாள்.

"சந்தோஷமா கீலி?" என்று கேட்டேன்.

"சந்தோஷந்தான் மிஸ். ஆனா வீட்ல லேப்டாப்தான் என் கைக்கு வரமாட்டேங்குது. அப்பா புதன்கிழமை புதன்கிழமை பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தர்ற வகுப்புக்குப் போறாரு, ஷிஃப்ட் முடிஞ்சு. இந்த வாரம் ஒரு கட்டுரை எழுதச் சொல்லிருக்காங்களாம். லேப்டாப்போட சாப்பாட்டு மேசையில உக்காந்துட்டு எங்க யாரையும் டிவி போட விட மாட்டேங்கிறாரு."

"எதப் பத்திக் கட்டுரை?"

"கேரவனுக்கு ஜன்னல் எப்படி மாட்டறதுன்னு. நாலு பக்கம் போயிருச்சு, இன்னும் கண்ணாடிக்கே வரல. நான் வாசிச்சுப் பாத்துச் சொல்லணுமாம். நானா, அவருக்கு வேற ஆளே கிடைக்கலயா மிஸ்?"

கூட்டத்துக்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். உறையைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள்.